அண்ணி பெயரில் ஒரு பிராணி

அந்த வீட்டில் யாருடைய கண்ணிலிருந்து இமைமுடி உதிர்ந்தாலும் அது குப்பைக்குப் போனதில்லை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம். தையல்காரியின் தம்பி மனைவி பேசிக்கொண்டே இருப்பாள். எதிரே இருப்பவர் கன்னத்தில் ஒரு முடி ஒட்டியிருப்பது கண்ணில் பட்டால் பேச்சு அப்படியே நின்றுவிடும். "கொஞ்சம் அசையாம இருங்க" என்பாள். விரல் நுனியை ஈரத்தில் தொட்டு, ஒற்றி எடுத்து, காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடுவாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் தையல்காரி இதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். தம்பியை அவனுடைய ஏழு வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவள் அவள். வந்த மூன்றாம் நாளே ஒருத்தி அவன் முகத்திலிருந்து முடியை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைக்கிறாள் என்றால் என்னவென்று நினைப்பது?

"டேய், உன் பொண்டாட்டி உனக்கு ஏதோ மருந்து வைக்கப் பாக்குறா. கண்டதையும் வாங்கிச் சாப்பிடாதே."

"மருந்து எதுக்குக்கா? நான் ஏற்கெனவே மயங்கித்தானே கிடக்கேன்" என்று சிரித்தான் தம்பி. படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். எதைச் சொன்னாலும் சிரிப்பான்.

அவனிடம் கேட்டுப் பயனில்லை என்று தையல்காரி நேராக அவளிடமே கேட்டாள். அவள் மாடிக்குப் போய் ஒரு குச்சியைக் கொண்டுவந்து காட்டினாள். பல் குத்துகிற குச்சிதான். அதன் நுனியில் ஒரே ஒரு இமைமுடி பசையால் ஒட்டியிருந்தது.

"இதால என்ன பண்ணுவ?"

"பிராணியைத் தூக்குவேன் அண்ணி."

"இதாலயா? ஈயைக்கூடத் தூக்க முடியாதே!"

"ஈயெல்லாம் ரொம்பப் பெரிசு அண்ணி. நான் எடுக்கிறது கால் மில்லிமீட்டர் இருந்தா அதிகம். ஊசி பட்டா கிழிஞ்சிடும். இமைமுடின்னா வளைஞ்சு கொடுக்கும்."

எல்லா முடியும் உதவாதாம். தம்பியுடையது பிரஷ் மாதிரி விறைப்பு. அவளுடையது கட்டை. "உங்களோடதுதான் அண்ணி முதல் தரம். நீளம், வளைவு, நுனி எல்லாம் அளந்து செஞ்ச மாதிரி இருக்கு." தையல்காரிக்கு அப்போது நாற்பது நடந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் இருக்கிற எதையும் அதுவரை யாரும் முதல் தரம் என்று சொன்னதில்லை. "ஆளை விட்டுட்டு முடியைப் பாராட்டுறா பாரு" என்று முணுமுணுத்தாள். ஆனால் மறுநாளிலிருந்து, கண்ணைக் கசக்கும்போது கையோடு வருகிற முடியைப் பட்டன் டப்பாவின் மூலையில் போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

தம்பி மனைவி வேலை பார்த்தது துறைமுகச் சாலையின் கோடியில், பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்த கடல் ஆய்வுக்கூடத்தில். சல்லடை கழுவுவதற்குத்தான் அவளை எடுத்தார்கள். மூன்றாம் மாதம், கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "சார், நேத்து வந்த சேத்துல இருந்த பொடி வேற மாதிரி இருந்துச்சு, இது வேற மாதிரி இருக்கே" என்றாளாம். அங்கே பெரியவர் டாக்டர். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி என்று இரண்டோடு திரிகிற மனிதர். அவர் வந்து பார்த்தார். அவள் சொன்னது சரி. அன்றைக்கே அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். அன்று உட்கார்ந்தவள்தான்.

டாக்டர் என்ற சொல்லைக் கேட்டு, தன் முழங்கால் வலியைப் பற்றி அவரிடம் கேட்டுவரும்படி தையல்காரி ஒருமுறை சொல்லியனுப்பினாள். "அவர் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்ல அண்ணி, பேர் வைக்கிற டாக்டர்" என்று பதில் வந்தது.

"பேர் வைக்கிறதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமா?"

"பேர் வைக்கிறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி, இது வேற எதுவும் இல்லைன்னு காட்டணும். அதுக்குத்தான் படிப்பு."

வேலை என்னவென்று தையல்காரி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். படகில் போகிறவர்கள் கடலடியிலிருந்து குழாயில் சேறு எடுத்து வருவார்கள். அது ஜாடிக்குள் போகும். எங்கே, எந்த ஆழத்தில் எடுத்தது என்று பென்சிலால் எழுதிய சீட்டும் ஜாடிக்குள்ளேயே போகும். மை என்றால் கரைந்துவிடும். துணியைவிட நெருக்கமான சல்லடையில் சேற்றை அலசி, மிஞ்சியதில் சிவப்புச் சாயம் கலப்பார்கள். உயிராக இருந்ததெல்லாம் ரோஜா நிறமாகும், மணல் மணலாகவே கிடக்கும். அதைக் கோடு கிழித்த கண்ணாடித் தட்டில் ஊற்றி, இடமிருந்து வலமாக ஒரு கோடு, பிறகு அடுத்த கோடு என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். ரோஜா நிறத்தில் தட்டுப்படுவதை இமைமுடியால் தூக்கி, இனம் இனமாகப் பிரித்து வைக்கவேண்டும். ஒரு ஜாடிக்கு ஆறு நாள் ஆகும்.

நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டாள். அந்தக் கோட்டை முதலிலிருந்து பார்ப்பாள். ஒருமுறை ஒரு ஜாடியில் யாரோ சீட்டை மையால் எழுதி, எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. உள்ளே இதுவரை பார்த்திராத அருமையான பிராணிகள். எந்த இடத்துச் சேறு என்று குத்துமதிப்பாகச் சொல்லும்படி டாக்டரே கெஞ்சினாராம். "எங்கே பிறந்ததுன்னு தெரியாததை வச்சு என்ன சார் பண்றது?" என்று மூடி போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டாள். தம்பி இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கொடுத்த வேலையைச் செய்யாமல் மூடி வைத்ததில் என்ன பெருமை இருக்கிறது என்று தையல்காரிக்கு அப்போது விளங்கவில்லை.

தையல்காரிக்கு அந்த வேலையின்மேல் மதிப்பு இருந்ததில்லை என்பதுதான் உண்மை. "வந்துட்டா சேத்துக்காரி" என்பாள். தம்பி மனைவியின் கைப்பையிலிருந்து வருகிற மருந்து வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஸ்லைடின் ஓரத்தை அடைக்க நகப்பூச்சு வேண்டும் என்று அவள் மாதம் இரண்டு பாட்டில் வாங்குவாள். "ஊர்ல இருக்கிற கண்ணாடிக்கெல்லாம் பூசுறா, தன் நகத்துக்கு ஒருநாள் பூசிப் பாத்ததில்ல!" வாடிக்கையாளர்கள் கேட்டால், "என் தம்பி பொண்டாட்டியா? மண்ணுல கிடக்கிற புழுவைப் பொறுக்குற உத்தியோகம்" என்று சொல்லி ஊசியில் நூலை நுழைப்பாள்.

தையல்காரியின் கடை வீட்டின் முன்னறைதான். ஒரு மிஷின், ஒரு மேசை, கம்பியில் தொங்குகிற துணிகள். புதுத்துணி தைப்பது குறைவு. நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைப் பெரிதாக்குவது, இதுதான் பிழைப்பு. பலகையில் 'ஆல்டரேஷன் செய்து தரப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவள். அவள் பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை. அச்சில் வந்தது மின்கட்டண ரசீதில் மட்டும்தான். அதிலும் ஓர் எழுத்து குறைவாக இருந்தது.

அப்படிப்பட்டவள் பெயரை ஒரு பிராணிக்கு வைத்தார்கள்.

பதினெட்டாவது வருடம் என்று நினைவு. நடுக்கடலின் சேற்றிலிருந்து தம்பி மனைவி ஒன்பது உருப்படிகள் எடுத்தாள். ஒரு குட்டி ஜாடி மாதிரி உடம்பு, அதன் வாயிலிருந்து நீட்டுகிற, உள்ளே இழுத்துக்கொள்கிற தலை. இந்த ஜாடி வகை அவர்களுக்குப் பழக்கமானதுதான். அந்தச் சேற்றில் அடிக்கடி கிடைக்கும், முப்பது வருடத்துக்கு முன்பே பெயர் பெற்றது. ஆனால் அதற்கு உடம்பு மழமழவென்றிருக்கும், பெரிதாகவும் இருக்கும். இந்த ஒன்பதும் சின்னவை. உடம்பைச் சுற்றி மேலிருந்து கீழாக வரிசையாக மடிப்புகள். எண்ணினால் எல்லாவற்றுக்கும் இருபது. பதினோரு மாதம் அளந்தார்கள், வரைந்தார்கள், உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பழைய படங்களோடு ஒப்பிட்டார்கள். புதிது என்று முடிவானது.

"பேரை நீயே சொல்லு" என்றார் டாக்டர். "நீ எடுத்தது."

அவள் யோசிக்கவே இல்லையாம். அண்ணி பெயரைச் சொன்னாள். அண்ணி யார், என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று கேட்டார் அவர். "தையல் கடை வச்சிருக்காங்க சார். இந்த ஒன்பதையும் தூக்கினது அவங்க இமைமுடி. இந்தப் பதினெட்டு வருஷமா நான் தூக்கினதுல முக்கால்வாசி அதாலதான்." டாக்டர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மாற்றிக்கொண்டு, பெயரின் வாலில் அந்தத் துறைக்குரிய லத்தீன் எழுத்துகளைச் சேர்த்து எழுதிவிட்டார்.

அச்சான பத்திரிகையை அவள் கொண்டுவந்து தையல் மேசையில் வைத்த மாலையில், தையல்காரி அந்தச் சொல்லை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வேற்று எழுத்து. ஆனாலும் தம்பி படித்துக் காட்டியபோது அதில் தன் பெயர் முழுதாக இருந்தது. ஓர் எழுத்தும் குறையவில்லை.

"அக்கா, உலகத்துல உன் பேர்ல ஒரு புழு இருக்கு. இனி உன்னைக் கையில பிடிக்க முடியாது" என்றான் தம்பி.

"புழு இல்லடா! பிராணி. வாயை அலம்பிட்டுப் பேசு."

அன்றோடு 'சேத்துக்காரி' போயிற்று. பிராணியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மிஷினுக்கு நேர் மேலே மாட்டினாள் தையல்காரி. பேன்ட்டின் நீளம் குறைக்க வந்தவர்கள் கடலடிச் சேற்றைப் பற்றி அரைமணி நேரம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது. எதிர்சாரி ரொட்டிக்கடைக்காரி, "அது உன்ன மாதிரியே குள்ளமா, உருண்டையாத்தான் இருக்கு" என்றாள். தையல்காரி அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

படம் மாட்டி மூன்று வருடம் போயிருக்கும். பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம். தையல்காரி ஒரு பெண்பிள்ளையின் பாவாடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி மனைவி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். மடிப்பின் தையலை பிளேடால் அறுத்து, உள்ளே ஒதுங்கியிருந்த துணியை இழுத்துவிட்டு, நிமிர்ந்து கழுத்தைச் சொடுக்கியபோது தையல்காரியின் கண் படத்தில் விழுந்தது. சும்மாதான் சொன்னாள்.

"ஏம்மா, என் பிராணியைப் பாக்கும்போதெல்லாம் இந்தப் பாவாடை ஞாபகந்தான் வருது. வளர்ற பிள்ளைக்குத் துணி விட்டுத் தைப்போமே, அதே மாதிரி இல்ல?"

திரும்பிப் பார்த்தால், தம்பி மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி" என்று எழுந்து மாடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் அவளாக இல்லை. தையல்காரி வாய் அதிகம் பேசுகிறவள் என்றாலும், கண்ணும் சும்மா இருக்காது. தம்பி மனைவி முன்னறைக்கு வந்தால் சுவரைப் பார்க்காமல் போவதைக் கவனித்தாள். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருந்தது. வேலைக்கு அரைமணி முன்னதாகக் கிளம்பினாள். கண் சிவந்து வந்தது.

"வேலை போயிடுச்சோ?" என்று தம்பியிடம் கிசுகிசுத்தாள்.

"இல்லக்கா. பழைய ஜாடியெல்லாம் எடுத்து மறுபடியும் பாக்குறாளாம். கேட்டா, 'ஒண்ணு தேடுறேன்'னு சொல்றா. எதைன்னு சொல்ல மாட்டேங்குறா."

ஒரு சனிக்கிழமை காலையில் அவளே கீழே வந்தாள். "அண்ணி, இன்னிக்குக் கடையை மூடிட்டு என்கூட வர்றீங்களா?"

இத்தனை வருடத்தில் தையல்காரி அந்த ஆய்வுக்கூடத்து மாடிக்குப் போனதே இல்லை. படி குறுகல், கைப்பிடி ஈரம். உள்ளே நீளமான அறை. சுவர் முழுக்க ஜாடிகள், ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறச் சேறும் ஒரு சீட்டும். விடுமுறை நாள் என்பதால் யாரும் இல்லை. சன்னலோரம் ஒரு மேசை. அதில் மைக்ராஸ்கோப், காலி மாத்திரை டப்பாக்கள், நகப்பூச்சு பாட்டில், நடுவில் அமுங்கிப்போன நாற்காலி. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும், இவள் வாழ்க்கையில் பாதி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்று தையல்காரிக்கு உறைத்தது.

"கண்ணை வைங்க."

வைத்தாள். "கறுப்பா வேலி மாதிரி ஏதோ தெரியுது."

"அது உங்க இமைமுடிதான் அண்ணி. கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

தள்ளிப் பார்த்தாள். வெளிச்சம் ஒரு வட்டமாகத் திரண்டது. வட்டத்தின் நடுவில் ரோஜா நிறத்தில் அது. அவள் பெயர் கொண்ட பிராணி. படத்தில் இருந்ததைவிட அழகு. இருபது மடிப்பும் விசிறிபோல் இருந்தன. மூச்சு விடாமல் பார்த்தாள். பிறகு தையல்காரியின் கண் தன் வேலையைச் செய்தது. ஒரு பக்கத்தில் மடிப்புகள் பிரிந்து விரிந்திருந்தன. அங்கே உள்ளே இன்னொரு விளிம்பு தெரிந்தது. மழமழவென்று, மடிப்பே இல்லாமல்.

"இதுக்குள்ள வேற ஒண்ணு இருக்கே. சட்டைக்குள்ள சட்டை."

"ஆமாம் அண்ணி."

"இந்த உள்ளே இருக்கிறது… அந்தப் பழையதுதானே? நீங்க அடிக்கடி எடுப்பீங்கன்னு சொல்வியே, அது?"

"அது மாதிரிதான் தெரியுது."

தையல்காரி நிமிர்ந்தாள். யாரும் எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அவள் பிராணி தனி இனம் இல்லை. ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்ட ஒன்றின் பிள்ளை. மேல்தோலைக் கழற்றிவிட்டுப் பெரிதாகப் போகிற பிள்ளை. பெயர் உள்ள ஒன்றுக்கு இன்னொரு பெயர் எதற்கு?

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்போ உங்களுக்கு."

"டாக்டருக்கு?"

"திங்கக்கிழமை சொல்லணும். உங்ககிட்ட சொல்லாம அவர்கிட்ட சொல்ல மனசு வரல."

"சொல்லாட்டி?"

தம்பி மனைவி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "சொல்லாட்டியும் அது குட்டிதானே அண்ணி."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தையல்காரி வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திறந்தாள். "கொடுக்கிறவ யோசிச்சுக் கொடுக்கணும். கொடுத்துட்டுப் பிடுங்கினா அது என்ன மரியாதை? நான் கேட்டேனா, எனக்குப் பேர் வையின்னு?" தம்பி நடுவில் வந்தான். "நீ இன்ஜினைப் பாருடா" என்றாள். நான்கு நாள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மிஷின் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

வியாழக்கிழமை, கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளையில், இரண்டு கண்ணாடியோடு ஒரு மனிதர் வந்து நின்றார். பின்னால் தம்பி மனைவி. டாக்டரைத் தையல்காரி நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்தான் இருப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். நாற்காலியில் இருந்த துணியை ஒதுக்கி உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல் சுவரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை வரைந்தது அவர் கை.

"அம்மா, ஒரே ஒரு ஸ்லைடு வச்சு இவங்க சொல்றாங்க" என்று ஆரம்பித்தார். "அதுல ஒண்ணுமேல ஒண்ணு அமுங்கி அப்படித் தெரியலாம். கண்ணாடி அழுத்தும்போது அப்படி ஆகிறதுண்டு. இதையெல்லாம் முதல்ல சந்தேகப்பட்டது நீங்கதான்னு இவங்க சொன்னாங்க. அதான் வந்தேன்."

"நான் சந்தேகமெல்லாம் படலைங்க. பாவாடை மாதிரி இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

"அதைத்தான் கேக்க வந்தேன். மடிப்புன்னா எப்பவும் வளர்றதுக்குத்தான் வைப்பீங்களா? அழகுக்கும் வைக்கிறதுண்டு இல்லையா?"

அந்தக் கேள்வியில் அவருடைய ஆசை தெரிந்தது. அவருக்கும் அந்தப் பெயர் நிற்கவேண்டும். வேலையை விட்டுப் போகிற நேரத்தில், தான் எழுதியதைத் தானே தப்பு என்று எழுத எந்த மனிதனுக்குத்தான் மனம் வரும்? உண்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அது பொய்யும் இல்லை. அழகுக்கும்தான் மடிப்பு வைக்கிறார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். படம் சுவரில் இருக்கும், பெயர் புத்தகத்தில் இருக்கும்.

தையல்காரி தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் வாசல் பக்கம் நின்று, கம்பியில் தொங்குகிற துணிகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தாள். இப்படிச் சொல்லுங்கள், அப்படிச் சொல்லுங்கள் என்று ஒரு சாடை கூட இல்லை. எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் அது அவர் சொல், அதில் கைவைக்கக்கூடாது என்கிற மாதிரி நின்றாள். இத்தனை நாளாக அவளிடமிருந்தது இந்தப் பிடிவாதம்தான். சீட்டில்லாத ஜாடிக்கு மூடி போட்டதும் இந்தக் கைதான் என்று தையல்காரிக்குத் தோன்றியது.

கம்பியிலிருந்து இரண்டு பாவாடைகளை இழுத்து மேசையில் போட்டாள்.

"பாருங்க சார். இது பெரியவங்க போடுறது. அழகுக்கு வச்ச பிளீட். இதோட வேலையே வெளியே தெரியுறதுதான். இஸ்திரி போட்டு எடுப்பா நிறுத்தியிருக்கும். கீழே அவிழ்ந்துதான் இருக்கும், நடந்தா விரியணும். இது சின்னப் பிள்ளையோடது. இந்த மடிப்பு மேலயும் கீழயும் தைச்சு மூடியிருக்கு. உள்பக்கமா ஒதுங்கிப் படுத்திருக்கும். துணியும் அங்கே சாயம் போகாம புதுசாவே இருக்கும், ஏன்னா அது இன்னும் வெளிய வரல. பிரிக்கிற நாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு படத்தைக் காட்டினாள். "நீங்க வரைஞ்சது மேலயும் கீழயும் மூடியிருக்கு. அழகுக்கு வச்சதில்ல சார் அது."

டாக்டர் பாவாடையின் மடிப்பை விரலால் பிரித்து உள்ளே பார்த்தார். துணி உள்ளே கருநீலமாக இருந்தது, வெளியே வெளுத்திருந்தது.

"ஒன்பதுல ஒண்ணுலகூட முட்டை இல்ல" என்றார், யாருக்கோ சொல்வதுபோல. "சீசன் இல்லைன்னு நினைச்சோம்."

"குழந்தைக்கு ஏது சார் முட்டை?" என்றாள் வாசலிலிருந்து தம்பி மனைவி. அதுதான் அன்று அவள் பேசிய ஒரே வாக்கியம்.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். போகும்போது அந்தச் சின்னப் பாவாடையை ஒரு நாள் கடனாகத் தர முடியுமா என்று கேட்டார். "நாளைக்கு டெலிவரி, சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்" என்று கறாராகச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. தம்பி மனைவி மேலும் பதினான்கு ஜாடிகளைப் பார்த்து, தோல் கழற்றுகிற நிலையில் இருந்தவை இன்னும் மூன்று எடுத்தாள். ஒன்றில் உள்ளே இருந்தது பாதி வெளியே வந்திருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. டாக்டர் ஓய்வு பெறுவதற்கு முன் எழுதிய கடைசிக் கட்டுரை அதுதான். தான் முன்பு எழுதியது தவறு என்று முதல் வரியிலேயே எழுதினார். கட்டுரையில் எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள் மேலே இருந்தன. இரண்டாவது தம்பி மனைவியுடையது. சல்லடை கழுவ வந்தவளின் பெயர் அப்படி மேலே வருவது அந்த ஆய்வுக்கூடத்தில் அதுவரை நடக்காதது. பத்திரிகை வந்த அன்று தம்பி அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படகுத்துறை முழுக்கச் சுற்றினான். திரும்பும்போது அதில் இரண்டு இடத்தில் கிரீஸ் கறை.

தையல்காரிக்கு அந்த நாள் சுலபமாக இருக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. படத்தைக் கழற்றலாமா என்று ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஏறி நின்று, ஒட்டடையைத் துடைத்துவிட்டு இறங்கிவிட்டாள். அந்த வாரமே ரொட்டிக்கடைக்காரி கேட்டாள்.

"என்னடி, உன் பேர்ல இருந்த பூச்சி செத்துப்போச்சாமே?"

"சாகல. பெரிசாயிடுச்சு. பெரிசானதுக்கு வேற பேர் இருக்கு. வளர்ற பிள்ளைன்னு முதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு கேளு."

"யாரு?"

"உக்காரு, சொல்றேன்" என்று அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அரைமணி நேரம் ஆயிற்று. அதில் தன்னைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஒரு கோட்டைப் பாதியில் விட்டால் முதலிலிருந்து பார்க்கிற ஒருத்தியைப் பற்றி.

இப்போது அந்தப் பிராணிக்குப் பழைய பெயர்தான் பெயர். பட்டியலில் அதன் கீழே, சின்ன எழுத்தில், தையல்காரியின் பெயர் இருக்கிறது. செல்லாது, ஆனாலும் அழிக்கமாட்டார்களாம். டாக்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கிற பெண், எதையும் முடிவு செய்வதற்கு முன் சன்னலோர மேசைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறாள். தம்பி மனைவி இதுவரை சேற்றிலிருந்து முதன்முதலாக எடுத்துப் பெயர் பெற்ற இனங்கள் முப்பத்தொன்று. அவற்றில் இன்று முப்பது நிற்கின்றன.